ஒன்பதாம் நிலையிலிருந்து போன குண்டு

ஹால்ஸ்டைன் நல்ல மனிதன் என்று பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வார்கள். ஒருவனைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லாதபோது சொல்கிற சொல் அது. வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு விற்பவன். ட்ராம்மென் பக்கத்துக் கடலோர ஆள், யோருனைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தவன். அவளுக்குப் பிறந்த வீட்டில் காடு இருந்தது, காட்டோடு வேட்டை உரிமையும் இருந்தது. அந்த உரிமையின் வாலைப் பிடித்துக்கொண்டு அவனும் மூஸ் என்ற குதிரை உயரக் காட்டுமானை வேட்டையாடும் குழுவில் சேர்ந்தான்.

சேர்ந்து பதினோரு இலையுதிர்காலம் போயாகிவிட்டது. ஒரு மூஸ்கூட அவன் சுட்டதில்லை. சரி, போகட்டும், தவறவிட்டிருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. தவறவிடுவதற்கும் ஒரு மூஸ் எதிரே வந்து நிற்க வேண்டுமே!

குழுவில் ஆளுக்கொரு நிலை உண்டு. நாய் மூஸைக் கிளப்பிக்கொண்டு வரும்போது அது எந்தெந்த வழியில் தப்பி ஓடும் என்று தாத்தா காலத்திலிருந்து தெரியும். அந்த வழிகளில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் நிலையில் உட்கார்ந்தவன் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாலும் வீட்டுக்குக் கறி வரும். ஐந்தாம் நிலையும் பரவாயில்லை. ஒன்பதாம் நிலை ஒரு மொட்டைப் பாறையின் உச்சி. புல் இல்லை, மரம் இல்லை, அந்த வழியாக மூஸ் போனதாக எந்தக் கிழவனும் சொன்னதில்லை. அதற்குக் காபிப் பாறை என்று பெயர். அங்கே உட்கார்ந்து செய்யக்கூடிய காரியம் காபி குடிப்பது ஒன்றுதான். பதினோரு வருடமும் ஹால்ஸ்டைனுக்கு அந்தப் பாறைதான்.

குழுத் தலைவன் எம்ப்ரிக், யோருனின் அண்ணன். ஒவ்வொரு வருடமும் நிலைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒன்பது என்று வந்ததும் தலையைத் தூக்காமலே, "அது நம்ம மாப்ளைக்கு" என்பான். மாப்ளையும் தலையாட்டுவான். வந்தேறிக்கு வேறென்ன வழி?

இறைச்சியில் பங்கு எல்லோருக்கும் சமம்தான். அதில் ஒரு குறையும் இல்லை. குறை வேட்டை விருந்தில் இருந்தது. வேட்டை முடிந்ததும் ஊர் மண்டபத்தில் இரண்டு குழுக்களும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இவர்கள் குழு ஒன்று, மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குழு ஒன்று. அங்கே சுட்டவன் எழுந்து நின்று கதை சொல்வான். தவறவிட்டவனும் சொல்வான், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். எம்ப்ரிக் ஒருமுறை மூஸை விட்டுவிட்டுத் தன் முதுகுப்பையையே சுட்ட கதையை வருடா வருடம் கேட்டுச் சிரிப்பார்கள். ஹால்ஸ்டைன் மட்டும் வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருப்பான். அவனிடம் கதை இல்லை. அந்த மண்டபத்தில் கதை இல்லாதவன் நாற்காலிக்குச் சமம்.

ஒருமுறையாவது எழுந்து நின்று கதை சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். சிரிக்கிற விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். பதினோரு வருடம் உருளைக்கிழங்கு உரித்துப் பாருங்கள், தெரியும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் கூரையில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஞானம் பிறந்தது. காபிப் பாறைக்கு மூஸ் வராது. ஆனால் காபிப் பாறையிலிருந்து எல்லாம் தெரியுமே! கீழே பள்ளம், அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் பெரிய சதுப்பு. அந்தச் சதுப்பில் விடியற்காலையில் மூஸ் மேய்வதைப் பல வருடம் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறான். தூரம் அறுநூறு மீட்டருக்கும் மேல். மூஸ் குண்டிடம் வராவிட்டால் குண்டு மூஸிடம் போகட்டுமே என்று முடிவு செய்தான்.

பனி உருகுவதற்குள் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்க ஆரம்பித்தது.

"இது எத்தனாவது பெட்டி?" என்றாள் யோருன்.

"கடைசிப் பெட்டி."

"போன வாரமும் கடைசின்னுதான் சொன்னே."

"அது துப்பாக்கி. இது அதோட கண்ணு."

"நம்ம காரைவிட இந்தக் கண்ணு விலை ஜாஸ்தி போலிருக்கே. இதுல பாத்தா அப்படி என்ன தெரியும்?"

"அறுநூறு மீட்டர்ல நிக்கிற மூஸோட இமை முடி தெரியும்."

"நாம என்ன இமை முடியையா திங்கப் போறோம்?" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

அவன் பெட்டியைத் திரும்ப இழுத்துப் பிரித்தான். அந்தக் கண்ணைத் தவிரத் தூரமானி இருந்தது, காற்றுமானி இருந்தது, குண்டு போகும் பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செயலி இருந்தது. முழங்கைக்கு மெத்தை, துப்பாக்கிக்கு இரட்டைக் கால், அதன் பின்பக்கத்தை முட்டுக்கொடுக்க ஒரு மணல் பை. மணல் பையை யோருன் கதவுக்கு அண்டை கொடுக்க எடுத்துக்கொண்டாள் என்பதால் இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

கோடை முழுக்க அவனைக் கைவிடப்பட்ட கல்குவாரியில்தான் பார்க்கலாம். அந்தக் கோடியில் சங்கிலியில் தொங்கும் ஓர் இரும்புத் தட்டு. இந்தக் கோடியில் குப்புறப் படுத்த ஹால்ஸ்டைன். சுட்டால் முதலில் வெடிச்சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு எங்கோ தூரத்தில் 'டங்' என்று ஒரு சின்ன மணி. அந்த மணிக்காக அவன் மழையில் படுத்தான், கொசுவில் படுத்தான். திருமண நாளன்றும் படுத்தான். எறும்பு காதுக்குள் போனபோதுகூட அசையவில்லை. எறும்பு வெளியே வந்த பிறகுதான் சுட்டான்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆள் கற்றுக்கொண்டான். முதலில் தட்டு பத்துக்கு ஒருமுறை மணியடித்தது. ஜூலையில் ஐந்தாறு முறை. ஆகஸ்டில் மணி நிற்கவே இல்லை. மூச்சை முழுக்க விட்டபின் அடுத்த மூச்சுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன அமைதியில் விசையை அழுத்தக் கற்றான். புல் சாய்வதைப் பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்லக் கற்றான், வெயிலில் அலையும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படிக்கவும் கற்றான். அந்தத் தூரத்தில் குண்டு இரண்டு ஆள் உயரம் கீழே இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும், காற்று எவ்வளவு தள்ளும் என்பதெல்லாம் அவனுக்குப் பல் விளக்கும்போதும் தெரியும். கோடை முடிவில் தட்டில் அவன் சுட்ட புள்ளிகளை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடிவிடலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை அவன் உருப்படியாகச் செய்திருந்தான்.

ஊரில் அவனுக்கு 'வானிலை அறிக்கை' என்று பெயர் வைத்தார்கள். கடையில் வரிசையில் நின்றால் பின்னால் ஒருவன், "இன்னிக்கு எந்தப் பக்கத்துக் காத்து?" என்பான். ஹால்ஸ்டைன் அதைக் கேலி என்று புரிந்துகொள்ளாமல் விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பார்த்துப் பதில் சொல்வான்.

வருடாந்தரச் சுடுதேர்வு வந்தது. வேட்டைக்குப் போகிற ஒவ்வொருவரும் வேட்டைக்கு முன் அதில் தேற வேண்டும். நூறு மீட்டர், ஐந்து குண்டு, அட்டையில் வரைந்த மான். மற்றவர்கள் வந்து படுத்து, ஐந்து முறை சுட்டு, எழுந்து சுடச்சுட வாஃபிள் பலகாரம் தின்னப் போனார்கள். ஹால்ஸ்டைன் படுத்தான். காற்றுமானியைத் தூக்கினான். செயலியைத் திறந்தான். செயலியை மூடினான். மெத்தையைச் சரிசெய்தான். திரும்பக் காற்றுமானியைத் தூக்கினான்.

"மாப்ளே," என்று எம்ப்ரிக் பின்னாலிருந்து கத்தினான். "இலக்கு நூறு மீட்டர்ல இருக்கு. ஸ்வீடன்ல இல்ல."

ஐந்தும் ஒரே ஓட்டை. ஆனால் அதைப் பார்க்க யாரும் இல்லை, எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்கள். அவன் போனபோது வாஃபிள் தீர்ந்திருந்தது.

அன்று எம்ப்ரிக் அவனைத் தனியே கூப்பிட்டான். உதட்டுக்குள் புகையிலையைத் திணித்துக்கொண்டே, "குவாரில என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். காட்டுல அது வேணாம்" என்றான்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நூத்தம்பது மீட்டருக்கு மேல நம்ம குழுவுல யாரும் விரல் வெக்க மாட்டாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அதான். அதுக்கு மேல சுடுறவன் வேட்டைக்காரன் இல்ல, தபால்காரன். அனுப்பிட்டு யார் வாங்கினாங்கன்னே தெரியாம உக்காந்திருப்பான்."

"சரி, எம்ப்ரிக்."

"சரின்னு சொல்றே. முகம் சரின்னு சொல்லலையே."

"முகம் எப்பவும் இப்படித்தான்."

"அதுவும் சரிதான்" என்று எம்ப்ரிக் விட்டுவிட்டான்.

வேட்டையின் முதல்நாள் உறைபனி விழுந்த விடியல். ஹால்ஸ்டைன் இருட்டோடு காபிப் பாறையில் ஏறிப் படுத்துவிட்டான். குடுவையைத் திறக்கவே இல்லை, வரலாற்றில் முதல்முறையாக அந்தப் பாறையில் காபி வாசனை வரவில்லை. வெளிச்சம் பரவ ஆரம்பித்ததும் கீழே காட்டில் நாய் குரைத்தது. நாய் இரண்டாம் நிலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது, வழக்கம்போல.

அப்போதுதான் சதுப்பில் அது வந்து நின்றது. நாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தனியாக, அவசரமில்லாமல், பனி படிந்த கோரைக்கு நடுவே ஒரு கொம்பன். கொம்பு இரண்டு பக்கமும் விரித்த கை மாதிரி. தூரமானியை வைத்துப் பார்த்தான், அறுநூற்றுப் பன்னிரண்டு.

நூற்றைம்பது என்று எம்ப்ரிக் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்ததும் போய்விட்டது.

மனிதன் எல்லாவற்றையும் செய்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றை அளந்தான். குளிரை அளந்தான். காற்றழுத்தத்தைப் பார்த்தான். மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிற சரிவையும் கணக்கில் சேர்த்தான். சதுப்பின் நடுவே அந்தப் பண்ணைக்காரர்களின் நிலம் தொடங்குகிற எல்லைக்கல் இருக்கிறதே, அதையும் பார்த்தான். சிவப்புச் சாயம் அடித்த கற்குவியல் தொலைநோக்கியில் பளிச்சென்று தெரிந்தது. கொம்பன் அதை ஒட்டி இந்தப் பக்கம் நிற்பதுபோலிருந்தது. தொலைநோக்கி தூரத்தைத் தட்டையாக்கிவிடும், முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒரே சுவரில் மாட்டிய படங்கள் மாதிரி தெரியும் என்று அவன் படித்துமிருந்தான். ஆனால் உலகத்தில் அளக்கக்கூடியதை எல்லாம் அளந்தவன் அந்தக் கல்லின் தூரத்தை மட்டும் அளக்கவில்லை.

மூச்சை விட்டான். அமைதி வந்தது. அழுத்தினான்.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்புவதற்குள் கொம்பன் முன்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது. பிறகு அசையவில்லை. ஹால்ஸ்டைனுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஒன்பதுலயா சுட்டது?" எம்ப்ரிக்கின் குரலில் நம்பிக்கையின்மை சொட்டியது. "காபிப் பாறைலயா? என்ன ஆச்சு?"

விழுந்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் ஹால்ஸ்டைன் பதினோரு வருடம் காத்தவன். கொம்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்று, அங்கிருந்து, நிதானமான குரலில், இத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.

"எங்க போய்ப் பாக்கப் போறே? பாறைக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டது கருவி. அவன் அணைத்துவிட்டான்.

குண்டு ஒரு நொடியில் போன வழியை அவன் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாறையின் பின்பக்கமாக இறங்கி, பள்ளத்தின் ஓடையில் முழங்கால் வரை நனைந்து, விழுந்த மரங்களைத் தாண்டி, சதுப்பில் பூட்ஸை ஒவ்வொரு அடியிலும் பிடுங்கிப் பிடுங்கி நடந்தான். வழியெல்லாம் விருந்தில் சொல்லப்போகிற கதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் எல்லாம் தயார்.

காட்டு விளிம்பைத் தாண்டியதும் புகை வாசனை வந்தது. காபி வாசனையும் வந்தது.

கொம்பனுக்குப் பக்கத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து முடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் குழு. அவர்கள் தலைவி ராக்னா ரத்தக் கையோடு நிமிர்ந்தாள். அறுபதைத் தாண்டியவள், பாலுக்கு மாடு வைத்திருப்பவள், இந்தப் பள்ளத்தாக்கில் அவளிடம் குரலை உயர்த்திப் பேசியவர்கள் குறைவு.

"வா தம்பி, வா. காபி சூடா இருக்கு" என்றாள். "நீ சுட்டதுதானே?"

"ஆமா" என்றான். நெஞ்சு நிமிர்ந்தது. "அந்தப் பாறைலேர்ந்து."

"பாறைலேர்ந்தா!" ராக்னா கண்ணைச் சுருக்கி மலையை அண்ணாந்து பார்த்தாள். "நாப்பது வருஷமா மூஸ் உரிக்கிறேன். இப்படி அளந்து வெச்ச மாதிரி ஓட்டை பாத்ததில்ல. வாழ்த்துகள். நல்லா சுட்டே."

அவன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொற்கள். கேட்டு முடிப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

"ஆனா எங்க நிலத்துல சுட்டே."

"இல்லையே, எல்லைக்கல் அந்தப் பக்கமில்ல..." என்று அவன் கையை நீட்டினான். நீட்டிய பக்கம் கல் இல்லை.

"கல்லு உனக்குப் பின்னால இருக்கு. அதைத் தாண்டித்தான் வந்தே. கதை சொல்லிக்கிட்டே வந்தியே, கவனிச்சிருக்க மாட்டே."

திரும்பிப் பார்த்தான். சிவப்புக் கற்குவியல், நாற்பது தப்படிக்கு அப்பால், அவனுக்குப் பின்னால், அசையாமல் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவனுக்குக் கைக்கும் எட்டவில்லை, குண்டுக்கு மட்டும்தான் எட்டியது.

"தெரியாம..." என்றான்.

"தெரியாமதான். தெரிஞ்சு செஞ்சா அது திருட்டு" என்றாள் ராக்னா. "குண்டு உள்ள நிக்கல. இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. எங்க போச்சுன்னு ஆமுண்டைக் கேளு."

தீக்கு அந்தப் பக்கம் ஒருவன் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்ததை ஹால்ஸ்டைன் அப்போதுதான் பார்த்தான். ராக்னாவின் மருமகன். ஊர்ப் பள்ளியில் பாட்டு வாத்தியார். அவனும் இன்றுவரை ஒரு மூஸ் சுட்டதில்லை.  அவன் கன்னத்திலும் கழுத்திலும் கறுப்பாகச் சதுப்புச் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது.

"நான் அந்தச் சின்ன ஊசியிலை மரத்துக்குப் பின்னால உக்காந்திருந்தேன்" என்றான் ஆமுண்ட். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கொம்பன் பக்கவாட்டுல திரும்பட்டும்னு துப்பாக்கியைத் தூக்கி வெச்சிருந்தேன். அது தானா விழுந்துச்சு. என் காலுக்கு முன்னால சேறு எழும்பி முகத்துல அடிச்சுது. சத்தம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. என்ன நடந்துச்சுன்னே தெரியல."

ஹால்ஸ்டைன் அந்த மரத்தைப் பார்த்தான். கொம்பனுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம். அந்த விலையுயர்ந்த கண்ணில் கொம்பனின் தோள்மயிர் தெரிந்தது, அதன் மூச்சின் ஆவி தெரிந்தது, இமை முடியும் தெரிந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு முழு மனிதன் தெரியவில்லை.  ஹால்ஸ்டைன் ஈரத்திலேயே உட்கார்ந்தான்.

 ராக்னா கோப்பையில் காபியை ஊற்றி அவன் கையில் திணித்தாள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள். "ஒண்ணு, நான் போலீஸுக்குப் போன் பண்றேன். உன் துப்பாக்கி போகும், உரிமம் போகும். கறியையும் அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க வேட்டையும் ஒரு வாரம் நிக்கும். எம் பொண்ணு இவனை ஜென்மத்துக்கும் காட்டுக்கு விட மாட்டா."

"இன்னொண்ணு?"

"எங்களுக்கு இந்த வருஷம் ஒரு கொம்பனுக்கு அனுமதி இருக்கு. ஆமுண்ட் சுட்டான். கிட்டத்துலேர்ந்து. நீயும் எதையோ பாத்து உங்க பக்கம் சுட்டே, தவறிடுச்சு."

"தவறவா?" அவனையறியாமல் குரல் எழும்பிவிட்டது. மூன்று மாதம் மழையில் படுத்த உடம்பு அது, அது பேசியது. "அறுநூத்திப் பன்னிரண்டு மீட்டர்! குறுக்குக் காத்து!"

"அதான் சொல்றேன்" என்றாள் ராக்னா, கத்தியைக் கோரையில் துடைத்துக்கொண்டே. "அவ்வளவு தூரத்துல யாருக்கும் தவறும். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

ஹால்ஸ்டைன் ஆமுண்டைப் பார்த்தான். ஆமுண்ட் தரையைப் பார்த்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோல ஒரு கொம்பன் கிடைத்ததில் அவன் முகத்தில் ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை.

ஹால்ஸ்டைன் கருவியை முடுக்கினான். 

"எம்ப்ரிக், ஒன்பது பேசுறேன்."

"சொல்லு."

"தவறிடுச்சு."

கருவி கரகரத்தது. பிறகு எல்லா நிலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு. அது மலை முழுக்க ஓடியது.

விருந்தன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. பெரிய பாத்திரங்களில் மூஸ் கறி கொதித்து வந்தது. ஆமுண்டின் கொம்பன் என்று அறிவித்துப் பரிமாறினார்கள். ஹால்ஸ்டைன் அதை மென்றான். நல்ல ருசியாக இருந்தது, அதுவும் வலித்தது.

முதலில் ஆமுண்டை எழுப்பினார்கள். அவன் எழுந்து, "நான் உக்காந்திருந்தேன். அது வந்துச்சு. விழுந்துச்சு" என்றான். உட்கார்ந்துவிட்டான். அடக்கமான பிள்ளை என்று கைதட்டினார்கள். அப்படிச் சுட்டதை இப்படி ஒருவன் சொல்லிக் கெடுப்பதைக் கேட்டபோது ஹால்ஸ்டைனின் நெஞ்சு எரிந்தது. காற்று எங்கே, சரிவு எங்கே, அந்த மூச்சு எங்கே? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? உருளைக்கிழங்கை எடுத்து உரித்தான்.

"இப்ப நம்ம மாப்ளே!" என்று எம்ப்ரிக் மேசையை இரண்டு கையாலும் தட்டினான். "வானிலை அறிக்கை! மேல ஏறு!"

மண்டபமே மேசையைத் தட்டியது. யாரோ அவனைத் தூக்கிப் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அத்தனை முகங்களும் அவனை அண்ணாந்து பார்த்தன. அதுவும் எப்படி, பிரியத்தோடு! தங்கள் வீட்டுப் பிள்ளை முதல் தடவை சேற்றில் விழுந்ததைப் பார்ப்பதுபோல.

"எதைப் பாத்துச் சுட்டே?"

"மூஸ்தான்."

"எவ்வளவு தூரம்?"

"...நூத்தம்பது" என்றான், எம்ப்ரிக்கைப் பார்த்து.

"நூத்தம்பதுல தவறிச்சா! அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா!" சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறியது. யோருன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று எம்ப்ரிக் கையமர்த்தினான். "குண்டு எங்கதான் போச்சு?"

மண்டபம் பதிலுக்காக அடங்கியது. ஹால்ஸ்டைனுக்குத் தெரியும். அந்தக் கோடையில் அவன் சுட்ட ஒவ்வொரு குண்டும் எங்கே போனது என்று விரலளவுக்குத் தெரியும், எல்லாவற்றையும்விட இது தெரியும். ஒரு வார்த்தை போதும். இந்த மண்டபத்தில் எவனும் செய்யாததைச் செய்தவன் என்று இவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரு நொடியாவது பார்ப்பார்கள். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை முதலில் நிறுத்தியது பயம்தான், துப்பாக்கி போய்விடும் என்ற பயம். பெருந்தன்மை என்று பொய் சொல்ல நான் தயாராக இல்லை. பிறகுதான் அவன் கண் எதிர்மேசைக்குப் போனது. ஆமுண்ட் அவனைப் பார்க்கவில்லை. தன் தோளில் தலை சாய்த்திருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெரியல" என்றான் ஹால்ஸ்டைன்.

சிரிப்பில் மண்டபத்தின் கூரையே பறந்தது. முதுகில் அடி மேல் அடி விழுந்தது. எம்ப்ரிக் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதில் கத்தினான்: "இப்பத்தாண்டா நீ நம்ம ஆளு! அடுத்த வருஷம் உனக்கு ரெண்டாம் நிலை. எம்பது மீட்டர்ல வந்து நிக்கும். அந்தக் கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வா."

வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. கதையும் கைதட்டலும் கிடைத்தன, இரண்டாம் நிலையும் கிடைத்தது. அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் நடக்கவே இல்லை என்று சொன்னதற்காகக் கிடைத்தது. பெஞ்சிலிருந்து இறங்கியபோது அழுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை, எல்லோரும் சிரித்ததால் சிரித்து வைத்தான்.

ஆமுண்ட் கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கோப்பையில் மெல்ல இடித்தான். அக்கம்பக்கம் பார்த்துக் குனிந்தான்.

"அடுத்த வருஷமும் தவற விடுங்க, ஹால்ஸ்டைன்" என்றான். "அந்தப் பக்கம் நான்தான் உக்காந்திருப்பேன்."

ஹால்ஸ்டைன் அதற்கும் சிரிக்கப் பார்த்தான். ஆமுண்ட் சிரிக்கவில்லை.